பின்பக்கம் திருப்பிய தாலி

என் விரல்களில் புளி மணக்கிறது, அம்மா. எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

சாயங்காலம் அப்பா உன் தாலியையும் ஒரு எலுமிச்சை அளவு புளியையும் என் முன்னால் வைத்தார். "பளபளன்னு தேச்சு வை. நாளைக்குக் கோயில்ல வேணும். பின்பக்கத்த நல்லாத் தேய்" என்றார். சட்டைப் பொத்தானைத் துடைக்கச் சொல்வது போலச் சொன்னார். அது யார் கழுத்தில் கிடந்தது என்பது அவருக்கு ஞாபகமே இல்லாத மாதிரி இருந்தது.

நாளை காலை என்னை இந்துவாக்கப் போகிறார்கள். பிறகு, அப்பா இரண்டாவதாகக் கட்டிய சித்தியின் தம்பிக்குக் கட்டி வைக்கப் போகிறார்கள். அவனுக்கு மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. "கல்யாணமான பொண்ண ஜப்பான்காரன் தொடமாட்டான்" என்கிறார் அப்பா. எந்த ஜப்பான்காரன் வந்து அவருக்கு வாக்குக் கொடுத்தானோ தெரியவில்லை. "அவன் வீட்ல அரிசி இருக்கு" என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார். அதுதான் உண்மையான காரணம்.

விளக்கை உடைந்த பானைக்குள் வைத்து, வெளிச்சம் வெளியே போகாமல் எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை நின்றால் என் கையும் நின்றுவிடுகிறது.

உன்னைக் கட்டுவதற்காக அவர் மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியதை நீ சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். தாத்தா அவருக்குத் தோட்ட ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்தாராம். அதனால் ஜெபமெல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டதாம். ஜப்பான்காரன் வந்தான், ஆபீசை மூடினார்கள், அப்பாவின் பக்தியும் மூடிக்கொண்டது. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் சித்தியின் அப்பா வீட்டில் நெல் இருந்தது. முதல் தடவை வேலைக்காகச் சாமியை மாற்றினார். இரண்டாவது தடவை அரிசிக்காக மாற்றினார். இரண்டு சாமிகளும் அவரைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ.

அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா மூச்சிரைக்க வந்தார். "வீடு வீடா சோதனை போடுறானுங்க. தாலியக் கழட்டிக் குடு, பொதச்சு வைக்கிறேன்" என்றார். நீ யோசித்தாய். "கழுத்துல மஞ்சக் கயிறாவது இருக்கட்டும்" என்று சொல்லி, தாலியை மட்டும் கயிற்றிலிருந்து உருவிக் கொடுத்தாய். அவர் அதை எங்கே புதைத்தார் என்று நீ கேட்கவே இல்லை. அவரை அவ்வளவு நம்பினாய்.

அதை அவர் புதைக்கவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோனார்.

"வா, உங்கப்பா புது மனுஷனாகிறதப் பாரு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் இருந்தது. பாதிப் பேர் வெல்லம் போட்ட மரவள்ளிப் பாயசத்துக்காக வந்தவர்கள். கோயில் பெரியவர் அப்பாவைக் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு உட்காரச் சொன்னார். பிறகு எல்லார் முன்னாலும் கேட்டார்: "யாரும் கட்டாயப்படுத்தலையே? ஒன் மனசோடதான் வர்றியா?"

"ஆமாங்கய்யா."

"கட்டுனவ என்ன ஆனா?"

அப்பா இடுப்பிலிருந்து உன் தாலியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "அவளே கழட்டிக் குடுத்துட்டாங்கய்யா."

"பொம்பள தாலியத் திருப்பிக் குடுத்துட்டா தீந்துச்சு. நம்ம வழக்கம் அதான்" என்றார் பெரியவர். அவர் கெட்டவர் இல்லை, அம்மா. கேட்க வேண்டியதைக் கேட்டார். வந்த பதிலை நம்பினார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பஞ்சகவ்யம் குடித்தார், திருநீறு பூசிக்கொண்டார், பிறந்தபோது வைத்த பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில், தீட்டுப் போக, நாக்கைப் பொன்னால் சுட வேண்டும். அப்போதுதான் வேடிக்கை. கூட்டத்தில் ஒருவரிடமும் பொன் இல்லை. எல்லாம் மண்ணுக்கடியில் இருந்தது. பெண்களின் காதுகளில் ஈர்க்குதான் இருந்தது. அப்பா சற்றும் யோசிக்காமல் சொன்னார்: "இதையே சுடுங்கய்யா."

"இதுல சிலுவ போட்டிருக்கேப்பா!"

"பின்பக்கமாத் திருப்பி வச்சாத் தெரியாதுங்க."

யாரோ சிரித்தார்கள். பெரியவர் முகம் சுளித்தாலும் சிரட்டைக் கங்கில் உன் தாலி விழுந்தது. கொஞ்சம் அதிகமாகவே காய்ந்துவிட்டது. அப்பா போட்ட அலறலில் பாயசம் குடித்தவர்கள் கூட நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சித்தியின் வீட்டில் அவர்களுடைய கல்யாண விருந்து. அரிசிக்காகச் சாமியை மாற்றிய மனிதர், வெள்ளை அரிசிச் சோற்றை மெல்ல முடியாமல் கஞ்சியாகக் கரைத்து உறிஞ்சினாராம்.

சடங்கு நடந்த அன்றே ஓடி வந்து உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். "பின்பக்கத்தத் திருப்பினாராமா?" என்று கேட்டுச் சிரித்தாய். பிறகு உன் குரல் மாறியது. "ஒளிச்சு வைக்கக் குடுத்தேன்டி. தீத்துவிடக் குடுக்கல."

கல்யாண விருந்துக்கு மறுநாள் நாம் கோர்ட்டு இருக்கும் பண்டார் ஹிலிர் பக்கம் நடந்தோம். வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர் அங்கே அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். நீ சொன்னதைக் கேட்டு ஈயை ஓட்டியபடியே பதில் சொன்னார்: "சாமிய மாத்திக்கலாம்மா, அது அவர் இஷ்டம். அதனால பொண்டாட்டி மாறிட மாட்டா. மாதா கோயில் கல்யாணத்தக் கோர்ட்டுதான் முறிக்கணும். சண்டைக்கு முன்னன்னா ரெண்டாவது கல்யாணத்துக்கு உள்ள தள்ளியிருப்பான்."

"இப்ப?"

"இப்பக் கோர்ட்டுல ஜப்பான்காரன் குந்தியிருக்கான். வெள்ளைக்காரன் சட்டம் எங்கடான்னு அவன்கிட்டப் போயிக் கேக்கப் போறீங்களா?"

மாதா கோயில் சாமியாரோ, சாவு ஒன்றுதான் பிரிக்கும் என்றார். காய்ச்சல் வந்தது, மருந்து கிடைக்கவில்லை, அதுவும் நடந்துவிட்டது. உன்னை வெறும் மஞ்சள் கயிற்றோடு புதைத்தோம். அப்பா வரவில்லை. அந்த வாரமே சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார், தாத்தா உனக்கு விட்டுப்போன இந்த வீட்டில் குடியேற. மூட்டையை இறக்கும்போது "நல்ல காத்தோட்டம்" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். கம்போங் செட்டிக்காரர், மலாய் பேசும் பழைய தமிழ்க் குடும்பம். தமிழ் தெரியாது, ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே கோயிலில் கும்பிடுபவர். அப்பாவைப் பார்த்தாலே முற்றத்தில் துப்புவார். "துஹான் புக்கான் பாஜு" என்பார். கடவுள் என்ன சட்டையா, மாற்றிக்கொள்ள என்று அர்த்தம். நேற்று வேலியருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாக்குட், மாரி சினி" என்றார். பயமாக இருந்தால் இங்கே வந்துவிடு என்றார்.

பயமாகத்தான் இருக்கிறது. கோயிலைக் கண்டு இல்லை. அங்கே இருக்கும் சாமி எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அப்பாவின் கையைக் கண்டு பயம். ஆனால் நான் அன்று வரிசையைக் கவனித்து வைத்திருக்கிறேன். பெரியவர் முதலில் கேட்பார், பிறகுதான் இதே தாலியால் நாக்கைச் சுடுவார். நாளை அந்தக் கேள்வி எனக்கு. அதற்கும் பொன்னுக்கும் நடுவில் இரண்டு வாக்கியம் சொல்ல நேரம் இருக்கிறது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுதான். தாலி நாளை அப்பாவிடமே திரும்பிப் போய்விடும். வீடு ஏற்கெனவே போய்விட்டது. இதை மட்டும் யாரும் உருவ முடியவில்லை. உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்க்கிறேன், சத்தம் வராமல்: "என் மனசோட வரலைங்கய்யா. எங்கம்மா அத ஒளிச்சு வைக்கக் குடுத்தாங்க, தீத்துவிடக் குடுக்கல."

நான் சொல்வதை அவர்கள் நம்பாமல் போகலாம். ஆனால் தாலியை எடுத்துப் பார்ப்பார்கள் இல்லையா? சிலுவைப் பக்கத்தைத்தான் தேய்த்தேன், அம்மா. இந்தப் பானை வெளிச்சத்திலும் மின்னுகிறது. அப்பா தேய்க்கச் சொன்ன பின்பக்கத்தில், பொய் சொன்ன அவர் நாக்கைச் சுட்ட கரி அப்படியே இருக்கிறது.