மூன்றரை அடி மலை

குத்தாலம்
மாசி 9

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு, குத்தாலம் மலைநாட்டின் ஏகச் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமான ஹரிஹரசுப்ரமணியன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நான் சௌக்கியம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் மாப்பிள்ளை ஷஹ்பாஸும் தாண்டிக்குடிக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் செடி நர்சரியில் இந்த வருஷம் மிளகு எப்படி?

மலைநாடு என்றதும் சிரிக்காதே. இந்தக் காவிரிக்கரைச் சமவெளியில், நம் கொல்லையில் நிஜமாகவே ஒரு மலை எழுந்திருக்கிறது. உயரம் மூன்றரை அடி. உச்சியில் ஏறி நின்றால் கிழக்கே பூம்புகார்க் கடலும் மேற்கே கல்லணையும் தெரியும். கொஞ்சம் எக்கினால் உன் வீட்டுக் கூரைகூடத் தெரியும், எனக்குத்தான் முழங்கால் வலி. காலையில் அங்கே மேகம் இறங்குகிறது. பக்கத்து வீட்டில் வெந்நீர் போடுகிற புகை என்று சிலர் சொல்வார்கள். பொறாமைக்காரர்கள்.

மண் கொண்டுவந்தது, நம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிற செம்மொழி. டிராக்டரில் இரண்டு நடை வண்டல், ஒரு நடை செங்கல் ஜல்லி. கொட்டிவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "ஐயா, இது மலையா, எருமேடா?" என்றாள். மலைதான் என்று பிரகடனம் செய்தேன். "அப்ப அருவி எங்க?" என்றாள். இந்த ஊரில் ராஜாவுக்கு மரியாதை இவ்வளவுதான்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரல் கேட்டதும் எனக்குக் கோமாளி வேஷம் தானாக ஏறிவிடுகிறது. நீ சிரிக்கிறாய், நான் வைத்துவிடுகிறேன். ஐப்பசியில் அம்மா தவறிப்போனதிலிருந்து நாலு தடவை அப்படி வைத்துவிட்டேன். காகிதம் சிரிக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஷஹ்பாஸைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து நாலு வருஷம் அம்மா உன் பேரைச் சொல்லவில்லை. அது உனக்குத் தெரியும். போன பங்குனியிலிருந்து மாதம் ஒன்றாக நீ செடி அனுப்பினாயே, அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது.

பார்சல் வந்ததும் யார் அனுப்பியது என்று அவள் கேட்க மாட்டாள். "இது காப்பிச் செடி மாதிரின்னா இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தானே குழி தோண்டி நடுவாள். தினமும் ஈரத்துணியால் இலை துடைப்பாள். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட நெற்றியை அவ்வளவு பதமாகத் துடைத்ததில்லை. ஆனால் எதுவும் நிற்கவில்லை. மிளகுக் கொடி கறுத்தது. காப்பி இலை கொட்டியது. கிராம்பும் ஜாதிக்காயும் நின்ற நிலையில் போயின. அந்த நீலப் பூச்செடி மூன்று வாரம்கூட இருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். நீ கோபத்தோடு அனுப்புகிறாய், அதனால்தான் இங்கே வேர் பிடிக்கவில்லை என்று அவளுக்கு நினைப்பு.

ஆவணியில் ஏலச் செடி வந்தது. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "ஹரி, இது பூத்தா அவளை வரச்சொல்லுடா. ரெண்டு பேரையும்தான். பூக்கலேன்னா, அவ மனசு இன்னும் ஆறலேன்னு எடுத்துக்கறேன்" என்றாள்.

ஏலமும் அழுகியது. ரோஹிணி, உன் கோபம் எதையும் சாகடிக்கவில்லை. ஆறையும் கொன்றவன் நான்.

நாம் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட ஆட்கள். பயிர் வாடினால் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்து. அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வட்டமாக வரப்புப் போட்டேன். குழாயைத் திறந்து கணுக்கால் ஆழத்துக்குத் தேக்கினேன். இலை வாட வாட இன்னும் தேக்கினேன். அவளுக்கும் அது தப்பாகப் படவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே, தண்ணீர் நிற்பதைப் பார்த்து நிம்மதியாகப் படுக்கப் போவாள்.

பார்சல் பிரிப்பது என் இலாகா. நாருக்குள் ஒரு சீட்டு செருகியிருக்கும். கடைக்காரன் சீட்டு என்று நினைத்து நான் படிக்கவே இல்லை. செடிக்குத் தண்ணீர் விடக் காவிரிக்காரனுக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிரும் உண்டு. சாக்கோடு சுருட்டிப் பழைய மாட்டுக் கொட்டகையில் எறிந்தேன். காரியமெல்லாம் முடிந்து கார்த்திகையில் கொட்டகையை ஒழித்தபோது ஆறு சீட்டும் கிடைத்தன. எல்லாம் உன் கையெழுத்து. ஐந்தில் ஒரே வரி: வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது, சரிவான மேட்டில் வைக்கவும். ஏலத்தின் சீட்டில் மட்டும் அந்த வரிக்கு முன்னால் ஒரு வார்த்தை கூடுதல். அம்மா.

நாலு வருஷத்தில் நீ அவளைக் கூப்பிட்டது அது ஒரு தடவை. அவள் பார்க்கவில்லை.

படித்ததும் நான் அழுதிருக்க வேண்டும். வரவில்லை. அவள் போன அன்றும் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் பாயசத்தில் ஏலக்காய் தூக்கல் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது வெந்நீராக இருந்தது. இன்றைக்குவரை காப்பியும் அப்படித்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அது உடம்பு முழுக்க. காலாக இருந்தால் உதறிவிடலாம். பேப்பர் படிக்கிறேன். சாப்பிடுகிறேன். தூக்கமும் நன்றாகத்தான் வருகிறது.

அக்கா போன அன்றைக்கு நீ வந்து வாசலில் நின்றாய். ஷஹ்பாஸ் எதிரே விளக்குக் கம்பத்தடியில் மழையில் நின்றார். உள்ளே வாங்கோ என்று ஒரு வார்த்தை. ஊரையே சிரிக்கவைக்கிற வாய் அதற்குத் திறக்கவில்லை. கிளம்பும்போது நீ, "அம்மா கடைசிவரை என்னை மன்னிக்கலை இல்லையா மாமா?" என்று கேட்டாய். அவள் சொன்னது அப்போதே எனக்குத் தெரியும். ரெண்டு பேரையும்தான் என்று சொன்னாளே, அதை அப்படியே உன்னிடம் சொல்லியிருக்கலாம். மழை விடாது போலிருக்கு, பஸ்ஸைப் பிடி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சீட்டைப் படித்த மறுநாள்தான் செம்மொழிக்கு ஆள் அனுப்பினேன். ஏலத்தின் தூரில் அழுகாமல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கிழங்கு மிஞ்சியிருந்தது. அதை மலை உச்சியில் நட்டு மேலே கீற்றுப் பந்தல் போட்டோம். "குழாய்ப் பக்கம் போனீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன் ஐயா" என்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள். சக்கரவர்த்தி அடங்கி நடக்கிறார்.

ஏலம் பூத்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். பத்தாயிரம் பூ, வாசனை மாயவரம்வரை தூக்குகிறது, கார்டு ரயிலை நிறுத்தி இறங்கி வந்து மோந்துவிட்டுப் போனார் என்று எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகாது. நீயும் புறப்பட்டிருப்பாய். இது ஒன்றை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன். பூக்கவில்லை. நேற்று ஒரு முளை தெரிந்தது. என் சுண்டுவிரலில் பாதி. அடுத்த வாரம் இருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

பூத்தால்தான் கூப்பிட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. அவள் பேச்சை நான் மீறியதே இல்லை. இப்போது மீறுகிறேன். பூக்காமலே வாங்கோ, ரெண்டு பேரும். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து வாசல்வழியாக அழைத்துப்போய், கூடம் தாண்டிக் கொல்லையில் நிறுத்துகிறேன். சரிவு போதுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். உன் சீட்டை இதோடு வைக்கவில்லை. அது அக்கா படத்துக்கு முன்னால் பிரித்தபடி இருக்கிறது.

தீர்க்காயுசாக, நிறைவாக இருங்கள். நீ வருகிறவரை அந்த வேரில் ஒரு சொட்டு நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமா
ஹரிஹரசுப்ரமணியன்