வைச்சிருங்கோ

ஐந்து சந்தி,
யாழ்ப்பாணம்.
12.08.2025

அன்பு மகள் ஸஜானாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகனும் குழந்தையும் அந்தத் தூரதேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி கூடத்தான், டொக்டர் படி ஏறாதே என்றார், அவள் மாடியில் மிளகாய் காயப்போடாமல் இருப்பாளா, சொன்னால் என்னைத்தான் ஏசுகிறாள். போன கிழமை வீடியோவில் வாப்பாவின் முகம் ஏன் கறுத்துக்கிடக்கிறது என்று கேட்டாய், வெயில் என்றேன். பொய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்த வயதில் பேனை பிடித்திருக்கிறேன்.

நம் பழைய சாமான் கடை வழக்கம் உனக்குத் தெரியும். சாமான் எதுவும் எங்களுடையதல்ல, வீட்டுக்காரர் கொண்டுவந்து வைப்பார்கள், விற்றால் எங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்போம். வெளிநாடு போகிறவர்களும் வீடு பிரிக்கிறவர்களும் பண்டத்தரிப்பிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பழைய முதிரை அலுமாரிகளோடு வருகிறார்கள். ஆனால் ஒருத்தராவது விற்றுத் தாருங்கள் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. தகப்பன் இருந்த கதிரையை விற்கிறோம் என்று சொல்ல வெட்கம். எங்கேயோ பார்த்துக்கொண்டு, இதைக் கடையில வைச்சிருங்கோ என்பார்கள். அதற்கு விற்றுவிடு என்றுதான் அர்த்தம். பதினான்கு வருசமாக அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கை தானாக விலைத்துண்டை எடுக்கும்.

மார்ச் மாதம் குருநகரிலிருந்து அற்புதராணி என்ற அம்மா, மகள் லவீனாவோடு, ஒரு படிக்கிற மேசையை லான்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தார். முதிரை மேசை, கடைந்த கால், பித்தளைப் பிடி போட்ட ஒரு லாச்சி. வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்களாம். கவனமா வைச்சிருங்கோ அண்ணை, நான் இடைக்கிடை வந்து பாக்கிறன் என்றார். விற்றுப்போனதா என்று பார்க்க வருவார் என நினைத்தேன். லாச்சியை இழுத்தால் உள்ளே பழைய ரியூசன் நேர அட்டவணை ஒட்டியிருந்தது, லாச்சியின் பக்கப் பலகையில் கவராயத்தால் நிக்சன் என்று கீறியிருந்தது. எத்தனையோ சாமானில் எத்தனையோ பேர், அதையும் கண்டுவிட்டு மூடினேன். யார் நிக்சன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மகள், வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு. லாச்சி திறந்தபடி படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், நீயும் கடையின் முகநூல் பக்கத்தில் போட்டாய். பத்தாம் நாள் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பேரம் பேசாமல் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு உம்மாவிடம் எவ்வளவு பெருமையடித்தேன் தெரியுமா.

ஈஸ்டர் முடிந்து அற்புதராணி வந்தார். கையில் ஒரு பழந்துணி, மேசையைத் துடைக்கக் கொண்டுவந்ததாம். நான் சிரித்த முகத்தோடு அவர் பங்கைக் கடித உறையில் போட்டு நீட்டினேன். இதென்ன அண்ணை என்றார். மேசைக் காசு என்றேன். கடை நிறையக் கதிரை கிடக்க அந்த அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். வைச்சிருங்கோ எண்டுதானே அண்ணை சொன்னனான், விக்கச் சொல்லேல்லையே என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நிக்சன் அவருடைய மகன். இரண்டாயிரத்து ஏழில் ரியூசனுக்குப் போன பிள்ளை, இன்னும் வீடு வரவில்லை. அவன் வந்தா எங்கை இருந்து படிக்கிறது என்று என்னிடம் கேட்கிறார். வந்தால் அவனுக்கு இப்போது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும்.

கொழும்புக்காரரைத் தேடிப் பிடித்தேன், அவர் தெற்கில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டார். உம்மாவிடம் சாமான் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் மாறி மாறிப் போனேன். மேசை கழிவறை வாசலில் நிற்கிறது. நடுவில் வட்டமாக அறுத்துக் கைகழுவுகிற பேசின் இறக்கியிருக்கிறார்கள். லாச்சி எங்கே என்றேன், குழாய்க்கு இடைஞ்சல் என்று கழற்றி அடுப்பில் வைத்துவிட்டதாக வேலைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரி வந்து கைகழுவிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், அவளுக்கென்ன தெரியும்.

எனக்கு மன்னிப்பே இல்லை ஸஜானா, ஏனென்றால் அது நானே சொன்ன சொல். தொண்ணூறில் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறு என்று இயக்கம் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டு அனுப்பியபோது, உம்மாவின் தையல் மெசினை மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் அண்ணையிடம் கொடுத்து, வைச்சிருங்கோ என்றேன். வேறு ஒன்றும் சொல்ல நேரமில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு ஊரே இடம்பெயர்ந்தபோது அந்த மனிதர் தன் சாமானை விட்டுவிட்டு அந்த மெசினைச் சைக்கிளில் கட்டிச் சாவகச்சேரி வரை உருட்டினார். இருபது வருசம் கழித்து நாங்கள் புத்தளத்திலிருந்து திரும்பியபோது எண்ணெய் போட்டுக் கையில் தந்தார். உன் கலியாண உடுப்பு அதில் தைத்ததுதான். அவருக்கு விளங்கிய சொல் எனக்கு விளங்காமல் போய்விட்டது.

போன வெள்ளிக்கிழமை குருநகருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அடுப்பையும் சொன்னேன், மறைக்க மனம் வரவில்லை. அற்புதராணி ஏசவில்லை, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உறையைத் தொடவே இல்லை. வாசல்வரை வந்த லவீனா, நீங்கள் விக்கப்போறியள் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது அங்கிள், நான்தான் பேசாமல் நிண்டனான் என்று அழுதாள். அவளையும் என்ன சொல்ல, பதினெட்டு வருசம் அந்த ஆளில்லாத மேசையோடு வாழ்ந்த பிள்ளை. பிறகு அவள் தன் போனில் நீ போட்ட படத்தை எடுத்துத் தாய்க்குக் காட்டினாள். அந்த அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். லாச்சியும் அட்டவணையும் தெரிகிறது. பேர் மட்டும் தெரியவில்லை, அதற்கு மேலால் நீ சிவப்பில் விற்கப்பட்டது என்று போட்டிருக்கிறாய். உன்னில் பிழையில்லை, போடச் சொன்னது நான். இந்த எழுத்தை எடுக்கேலாதோ அண்ணை என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

குழந்தைக்குக் குளிர் உடுப்பைக் கழற்றாதே, மருமகனோடு சின்ன விசயத்துக்கெல்லாம் வாய் காட்டாதே. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. என் பழைய போன் பழுதாகிவிட்டது, அந்த மேசைப் படம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கும். எழுத்துப் போடாத முதல் படத்தைத் தேடி அனுப்பு மகள், பிள்ளையின் பேர் முழுதாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
மு. தாஹிர்