உங்கள் அண்ணன் வண்டி எடுக்க வந்த நாள்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் நம் மகளும் வண்டியும் நலம். மூன்றாவதை நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள் முடித்துவைக்கிறீர்கள், அதுவும் உங்களுக்கு வேண்டிய மாதிரி. காகிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் கடல் தாண்டி அங்கே உங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் உங்கள் அண்ணன் போன் செய்து தன் பங்குக்கு ஒரு கதை சொல்லியிருப்பார். அதில் நான் ராட்சசியாக வந்திருப்பேன். பரவாயில்லை. இப்போது என் கதையைக் கேளுங்கள்.

நம் காரில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று சொன்னேன் இல்லையா? அந்த வாரமே மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்க மறுத்துவிட்டது. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் அசமந்தமாக ஊர்ந்தது. ஓரமாக நடந்து போன ஒருவர் என்னைத் தாண்டிப் போனார், போகிற போக்கில் பரிதாபமாக ஒரு பார்வை வேறு. பின்னால் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, அவருக்கு டாட்டா காட்டட்டுமா?" என்று கேட்டாள். காட்டச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

முதலில் உங்கள் அண்ணன் சொன்ன மெக்கானிக்கிடம்தான் போனேன். புகை போகும் குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறது, டீசல் கரியை அது பிடித்துவைக்கும், அது அடைத்துக்கொண்டது என்றார். அதுவரை சரி. அடுத்து, "உள்ள இருக்கறத வெட்டி எடுத்துட்டு வெறும் குழாயா விட்டுடலாம்மா, வண்டி பறக்கும்" என்றார். அப்படியானால் கரி எங்கே போகும் என்று கேட்டேன். "வெளிய போகும், உங்களுக்கென்ன, நீங்க முன்னாடிதானே உட்கார்ந்திருக்கீங்க" என்றார். நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மூச்சு வாங்க வாங்க வரும் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஊசி குத்துகிறவள் நான். பள்ளி வாசலில், அதுகளின் மூக்குக்கு நேராக, நம் வண்டி கரியைத் துப்புவதற்கு நான் சம்மதிப்பேனா? புகைச் சோதனையில் தேறாதே என்றேன். "அங்க நம்ம ஆளு இருக்காரு" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு ஊர்ந்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று மாலைதான் நீங்கள் பேசினீர்கள். "பழைய வண்டியோட மாரடிக்காத, வித்துடலாம், அண்ணன் ஆள் பார்த்துட்டாரு" என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் பேச்சு வண்டியோடு போயிருக்கும். "வண்டியில்லாம விடியக்காலை ஷிஃப்டுக்கு எப்படிப் போவ? கொஞ்ச நாள் வீட்டுல இரேன்" என்றும் சொன்னீர்கள். அந்தக் ‘கொஞ்ச நாள்’ எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். நீங்களும் கொஞ்ச நாளைக்கு என்றுதானே அங்கே போனீர்கள்?

அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். வண்டி போனால் வேலையும் போகும் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னீர்கள். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. சரி, கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் கூடத்து வேன் டிரைவர் வேறொரு பட்டறையைக் காட்டினார். அங்கே இருப்பவரை எல்லோரும் டாக்டர் என்கிறார்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்காமல் எந்த வண்டியிலும் கைவைக்கமாட்டாராம், அதனால் வந்த பட்டம். மாட்டினார், பார்த்தார், பிறகு வண்டியை விட்டுவிட்டு என்னை விசாரித்தார். தினமும் எங்கெங்கே போவீர்கள் என்றார். பள்ளிக்கூடம், வேலை, கடை என்றேன். ஒரே மூச்சாக அரைமணி நேரம் ஓட்டியதுண்டா என்றார். இல்லை. நெடுஞ்சாலைக்கு? "அங்க போகக் கூடாதுன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க" என்றேன். வண்டியை நிறுத்தப்போகும் நேரத்தில் ஃபேன் பெரிதாகச் சத்தம் போடுமா என்று கேட்டார். போடும், ஆனால் நான் விவரமானவள், உடனே இன்ஜினை அணைத்துவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். சில நாள் நடுவழியில் கேட்டால்கூட ஓரங்கட்டி, அணைத்து, ஆறவிட்டுத்தான் எடுப்பேன் என்றேன். மனிதர் அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து சிரித்தார்.

விஷயம் இதுதான். ஃபில்டரில் கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்திக் குழாயைச் சூடாக்கி அதை எரித்துத் தள்ளுமாம். அந்த நேரத்தில்தான் ஃபேன் ஓடும், இன்ஜின் கொஞ்சம் வேகமாக உறுமும், காய்ந்த வாடை வரும். ஓடவிட்டால் வேலையை முடித்துவிட்டுத் தானே அடங்கும். வண்டி ஒவ்வொரு முறையும் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத் தொடங்கியதும், ஒவ்வொரு முறையும் நான் அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருந்தது. எந்த வண்டியிலும் ஆயில் குறையும், நம் வண்டியில் கூடியிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார், டீசல் நாற்றம்.

ஃபேன் சத்தம் கேட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது, உடனே ஆஃப் பண்ணு என்று எனக்குச் சொன்னது யார்? நான் சொல்லமாட்டேன். உங்களுக்கே தெரிந்த ஆள்தான். அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வண்டியைப் பாழாக்கிய அப்பாவி நான். டாக்டரிடமும் உங்கள் பெயரைக் காட்டிக்கொடுக்கவில்லை, அந்த மட்டில் எனக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆயிலை மாற்றி, பட்டறை முற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுத்துக் கரியை எரித்தார். ஓட்டும் சீட்டில் யாரும் இல்லாமல் அது தானாக உறுமியதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. பெரும்பகுதி எரிந்துவிட்டது, இழுவை திரும்பிவிட்டது, விளக்கு மட்டும் அணையவில்லை. மீதிக்கு மருந்து நெடுஞ்சாலைதான் என்றார். உச்ச கியருக்குப் போகாமல், இன்ஜின் வேகமாகச் சுழலும்படி வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஓட்ட வேண்டும். ஃபில்டர் இன்னும் சாகவில்லை, ஆனால் இப்படியே இன்னும் கொஞ்சம் விட்டால் புதிதுதான் போட வேண்டிவரும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் உங்கள் அண்ணன் வந்து நின்றார். வாங்குகிறவர் காத்திருக்கிறார், சாவியைக் கொடு என்றார். வண்டி சரியாகிவிட்டது மாமா என்றேன். "சரியானா நல்லதுதானே, நல்ல விலைக்குப் போகும்" என்றார். அந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நானே ஓட்டிவருகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அவரும் யோசிக்காமல் ஏறிவிட்டார், பாவம்.

ரவுண்டானாவில் இடது பக்கம் திரும்பினால் வாங்குகிறவரின் கடை. நான் நேரே போனேன். "திரும்பணும்மா, திரும்பணும்" என்றார். கேட்டது. நெடுஞ்சாலையில் ஏறியதும், "ஐயோ, எங்க போற? நிறுத்து, நிறுத்து!" என்று ஒரு கையால் மேலே இருந்த பிடியையும் இன்னொரு கையால் தன் முழங்காலையும் பிடித்துக்கொண்டார். இப்போது நிறுத்தக் கூடாது மாமா, நிறுத்தினால் கெட்டுவிடும் என்றேன். முதல் லாரி பக்கத்தில் உரசுவதுபோல் கடந்தபோது என் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் பயத்தை மறந்துவிட்டேன். அந்தச் சாலை அவ்வளவு அகலம் என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே!

ஃபேன் சத்தம் வந்தது, காய்ந்த வாடை வந்தது. "தீப்பிடிச்சிடுச்சு" என்றார் உங்கள் அண்ணன். பிடிக்கட்டும் என்றேன். வாய் தவறி வந்ததில்லை. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி வந்தார். விளக்கு அணைந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். வாய்விட்டுக் கத்தினேன். அவர் இன்னொரு முறை பதறி எழுந்து தலையை இடித்துக்கொண்டார். நெற்றியில் சின்ன வீக்கம், ஐஸ் வைத்தாயிற்று, கவலைப்பட வேண்டாம்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன், ஃபேன் தானே அடங்கட்டும் என்று இன்ஜினை அணைக்காமல். டீயைக் குடித்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர், "எனக்கெதுக்கு இந்த வம்பு, உன் புருஷன்கிட்ட நீயே பேசிக்க" என்று சொல்லிவிட்டு வாங்குகிறவருக்குப் போன் போட்டார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று அவர் வாயால் சொன்னதை என் காதால் கேட்டேன். ஆகவே பேசிக்கொள்கிறேன்.

வண்டியை விற்கமாட்டேன். வேலையையும் விடமாட்டேன். வாரம் ஒரு முறை நெடுஞ்சாலைக்குப் போவேன், மகளும் வருவாள். இதற்கு உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்து எங்களை நினைத்துப் பயப்படுகிறீர்கள். புரிகிறது, அந்தப் பயத்தில் அன்பு இருப்பதும் தெரியும். ஆனால் நீங்கள் அங்கே பயப்படுவதற்காக நான் இங்கே வீட்டுக்குள் உட்கார முடியாது.

மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது உங்கள் சின்ன வயது போட்டோ மாதிரியே இருக்கிறாள். தண்ணீர் மோட்டாரை நானே பிரித்துச் சரிசெய்தேன். உங்கள் முதுகு வலி எப்படி? எலக்ட்ரீஷியனிடம் தைலம் கொடுத்திருக்கிறேன். படுக்கப் போகும்போது தேயுங்கள், யாரையாவது தேய்த்துவிடச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கம்பெனியில் உங்கள் வேலை ஒப்பந்தத்தை இன்னொரு முறை நீட்டக் கேட்கிறார்கள் என்று உங்கள் அண்ணன் டீக்கடையில் உளறிவிட்டார். என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே சமாளிக்க முடியாமல் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன், அதனால்தான் தைரியமாகக் கேட்கிறேன், வந்துவிடுங்கள். இறங்கும் இடத்துக்கு நானே வண்டியெடுத்து வருவேன். எவ்வளவு தூரமானாலும் ஓட்டிவருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிடிவாதக்காரி