கால் வலி என்று சொன்னேன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. நேற்று வந்த முட்டையில் ஆறு உடைசல். சத்துணவுக் கூடத்தில் சாம்பாரை உதவியாள் ராணி தலையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரி.

இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தீட்டு நின்று மூன்று வருஷம். பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து மறுபடி இரத்தம். இரண்டு நாள் படும், நிற்கும், மறுபடி படும். ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

இப்போதெல்லாம் செவ்வாய், வெள்ளி மட்டும் டாக்டர். உத்திரமேரூரிலிருந்து யாரையாவது அனுப்புகிறார்கள். போன வாரம் வந்தவர் இந்த வாரம் இல்லை. இன்றைக்கு ஒரு பெரியவர், பாவம், வியர்த்து ஊற்றுகிறது. வெளியே நீள வரிசை. கதவு திறந்தே கிடந்தது. என் முதுகுக்குப் பின்னால் பெருமாள் கோயில் தெரு ஆள் ஒருவன் எட்டி எட்டிப் பார்க்கிறான்.

"என்னம்மா?"

"கால் வலி சார்."

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கால் வலி! என் வாயில் கொள்ளியை வைக்க. களிம்பு ஒரு டியூப், ஐந்து நாளைக்கு மாத்திரை. வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

அரிசி மூட்டை வந்தது. எடை சரி. பருப்பு வரவில்லை. கலவை சாதம் போட்டதில் பிள்ளைகளுக்குக் குஷி.

சுகந்தி டாக்டரம்மா ஞாபகம். நாலு வருஷம் இங்கே இருந்தார். வீட்டுக்காரரின் சர்க்கரைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, மகள் சரண்யாவுக்குப் பிரசவத்தில் எவ்வளவு இரத்தம் ஏற்றினார்கள், எல்லாம் சீட்டைப் பார்க்காமல் சொல்வார். உள்ளே போனால் முதலில் கதவைச் சாத்துவார். ஏதோ ஒரு திட்டத்தில் போட்ட வேலை. போன ஆடியோடு திட்டத்துக்குப் பணம் வரவில்லை என்றார்கள். வேலை போயிற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் பெரிதாக நினைக்கவில்லை. இன்னொரு டாக்டர் வருவார், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். இப்போது ஏங்குகிறேன். அவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் தை மாசமே சொல்லியிருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடி பட்டது. துணியைத் தனியே அலசி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காயப் போட்டேன். இந்த வயசில் இப்படி ஒரு ஒளிவு மறைவு.

மதியம் கருவாட்டுக் குழம்பு. டிவியில் நாலு பேர் சண்டை. ஒருவர் சொல்கிறார், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டாக்டர் வேண்டும், ஏழை பணக்காரர் பார்க்காமல் அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். இன்னொருவர் கேட்கிறார், பணத்துக்கு எங்கே போவது. வீட்டுக்காரர் கை காயக் காயப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, நமுக்குன்னு ஒரு டாக்டராம். ஜமீன்தார் கணக்கா."

"ஏன், வந்தா இன்னா? சுகந்திம்மா இல்லியா நாலு வருசம்?"

"அத்த சொல்லு" என்றார். அவர் காலில் புண் வந்தபோது பத்து நாள் டாக்டரம்மாதான் போகிற வழியில் வண்டியை நிறுத்திக் கட்டுப் போட்டார். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன கால் அது. இன்றைக்கும் அதே காலில்தான் ரைஸ் மில்லுக்கு நடந்து போகிறார்.

அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

மார்ச் 13, வெள்ளி

வெயில் தாங்கவில்லை. அடுப்புப் பக்கம் நின்றால் தலை சுற்றுகிறது. நர்ஸ் மேரி பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப் பள்ளிக்கு வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போய் கீது?"

"கால் வலி மேரி. தூக்கம் இல்ல."

"கால் வலிக்கா கண்ணு வெளுக்கும்? புது டாக்டர் வந்து கீறாரு, டெய்லி இருப்பாரு. வந்து காட்டு."

"டாக்டரா, டாக்டரம்மாவா?"

"டாக்டருதான். சின்ன வயசு."

ஆம்பிளை. என் மகன் வயசு இருக்கும். அவனிடம் போய் இதைச் சொல்வதா?

மேரி சும்மா விடவில்லை. சுகந்திம்மா நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் மூன்று முறை நம்பரை எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன். மதியம் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும் போட்டேன். எடுத்துவிட்டார். என் குரல் கேட்டதுமே,

"கனகாம்மா! சார் கால் எப்படி இருக்கு? சரண்யா பாப்பா நடக்குதா?"

எட்டு மாசம் ஆகிறது. மதுரையில் எத்தனை பேரைப் பார்க்கிறாரோ.

"எல்லாம் நல்லா கீறாங்கம்மா. எனக்குத்தான் கால் வலி."

"நீங்க கால் வலின்னு சொன்னா நான் நம்ப மாட்டேன் கனகாம்மா. சரண்யா புருஷனோட சண்டை போட்டுக்கிட்டு வந்தப்பவும் கால் வலின்னுதான் வந்து உக்காந்தீங்க. என்ன, சொல்லுங்க."

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். திட்டினார். நல்லா திட்டினார். திட்டு வாங்கியும் மனசு லேசானது. நாளைக்கே போகணும், நாற்காலியில் யார் இருந்தாலும் சொல்லணும், டாக்டர் ஆணா பெண்ணா பார்க்கக் கூடாது என்றார்.

"நீங்க வர மாட்டீங்களாம்மா?"

"வேலை போட்டாங்கன்னா நாளைக்கே வருவேன். யாரு போடுறா?"

எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது:
– முதலில் பட்டது பொங்கல் முடிந்து
– இதுவரை ஐந்து தடவை
– தலை சுற்றல், அடி வயிற்றில் கனம்
– கால் வலி இல்லை

போனை வைத்துத் திரும்பினால் கொட்டகை வாசலில் வாளியோடு வீட்டுக்காரர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. "நாளைக்கு மில்லுக்குப் போவல" என்றார்.

மார்ச் 16, திங்கள்

மூட்டம். மழை இல்லை. ராணி "நீ போக்கா, உலைய நான் பாத்துக்கறேன்" என்றாள். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

பதினேழாவது ஆளாகப் போனேன். நிஜமாகவே சின்னப் பையன். மீசை சரியாக வரவில்லை.

"சார், கதவ சாத்தலாமா?"

அவரே எழுந்து போய்ச் சாத்தினார். மேரியை உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தார். காகிதத்தைப் பார்க்காமல் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன். ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. "பயந்துட்டீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

இரத்தம் எடுத்தார்கள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் இருக்கலாம், தெரிந்துகொண்டால் வைத்தியம் உண்டு என்றார். மூடி மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

"ரிசல்ட் வந்ததும் நேரா எங்கிட்ட கொண்டு வாங்க. திரும்ப முதல்லேர்ந்து சொல்ல வேணாம். நானே பாக்கறேன்."

"இருப்பீங்களா சார்?"

மேரி ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் ஆர்டர்மா. மேற்கொண்டு பணம் ஒதுக்கினா இருப்பேன்."

வியாழக்கிழமை செங்கல்பட்டு. ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகுமாம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் ஒன்பது. இந்தப் பிள்ளை இருக்கணும்.