என் பெயரில் ஒரு சான்றிதழ்

கங்காதர நெல்லூர்
14.2.2009

என் அன்பு மகள் ஹன்னாவுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையால் நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் குவைத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்து, உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நைனா லாரி ஓட்டுவதை விட்டபிறகு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போன வாரம் போனில் ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். ஜலதோஷம் இல்லை ஹன்னா, பயம். நம் தையல் யூனிட்டில் சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பரில் ரேணிகுண்டா பக்கம் இருக்கிற ஒரு பெரிய கம்பெனி திருப்பதியில் மீட்டிங் வைத்தது. எங்களுக்கு வேண்டிய சரக்கைச் சின்ன யூனிட்டுகளிடமும் வாங்கப்போகிறோம், பெண்கள் நடத்துகிற யூனிட், எஸ்.சி., எஸ்.டி. ஆட்கள் நடத்துகிற யூனிட் என்றால் முதலில் எடுப்போம் என்றார்கள். அவர்கள் ஆட்கள் தினமும் போடுகிற கையுறையும் ஏப்ரனும்தான் நாம் தைப்பது. சித்தூர்க் கடைக்காரர்கள் எப்போது ஆர்டர் கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒன்பது மிஷினும் வருஷம் முழுக்க ஓடும். ஆசைப்பட்டுவிட்டேன், உன்னிடம் என்ன மறைப்பது.

சித்தூரில் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற ஏகாம்பரம் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து அந்தப் பழைய ஜாதிச் சான்றிதழை வெளியே எடுத்தார். உனக்கு இதுவரை நான் விவரமாகச் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயதில் ஹாஸ்டலில் இடம் கிடைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் என்னை இந்து என்றும் எஸ்.சி. என்றும் எழுதிவிட்டார்கள். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவள். எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவர்களான நமக்குச் சட்டப்படி பி.சி.-சிதான், அதில் சலுகை குறைவு. ஆனால் அந்தப் பள்ளிக்கூட எழுத்தை வைத்தே பிற்பாடு தாசில்தார் ஆபீசிலும் எஸ்.சி. என்று கொடுத்துவிட்டார்கள், நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்குச் சான்றிதழ் வாங்கும்போது நைனா பி.சி.-சி என்றே எழுதச் சொன்னார். பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டீர்களே என்று நான் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். இப்போது அதை நினைத்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது. உன் காகிதத்தில் பொய் இல்லை, உன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது, அந்த மட்டில் நீ தைரியமாக இரு.

ஏகாம்பரம் என்னவோ, இது சர்க்கார் முத்திரை போட்ட காகிதம், நீங்களா எழுதிக்கொண்டீர்கள் என்று சொல்லி அதையும் ஃபாரத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. ஜனவரியில் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வருகிறார்கள் என்று கடிதம் வந்தது, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சுவரில் இருக்கிற பைபிள் வசனக் காலண்டரைக் கழற்றிவிடுங்கள் என்று ஏகாம்பரம் போனில் சொன்னார். கழற்றி மெத்தைக்கு அடியில் வைத்தேன். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். நைனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார், அதுவே எனக்குப் பெரிய தண்டனை.

வந்தது பத்மாவதி என்று ஒரு மேடம், கூட ஒருவர். மேடம் உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். சில இடங்களில் பெண் பெயரைப் போட்டுவிட்டு ஆண்கள் நடத்துகிறார்களாம், அதனால் நைனாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைத்தான் கேள்வி கேட்டாள். துணி எங்கே வாங்குகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, தப்பானது எத்தனை என்று எல்லாம் தெலுங்கில். ஊசி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்றாள். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பேன் என்று நோட்டை எடுத்துக் காட்டினேன். யார் கையிலாவது குத்திவிடக் கூடாது இல்லையா. அவள் முகம் மலர்ந்துவிட்டது, போட்டோ எடுத்துக்கொண்டாள். அப்படியே முடிந்திருக்கும். கடைசியில் ஒரு உறுதிமொழிக் காகிதத்தை நீட்டினாள். கொடுத்திருக்கிற சான்றிதழ்கள் எல்லாம் உண்மை, பொய்யானால் சட்டப்படி நடவடிக்கைக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தது. அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை ஹன்னா. பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"மேடம், இதுல ஒரு காகிதம் என்னுது இல்ல. நா கிறிஸ்தவச்சி. சின்ன வயசுல எழுதினத இத்தன வருசமா வச்சிக்கினு இருந்துட்டேன். அத எடுத்துடுங்க, அப்பறமா கையெழுத்துப் போடறேன்" என்று சொன்னேன். தெலுங்கில்தான் சொன்னேன், ஆனாலும் நம் பெண்களுக்குப் புரிந்துவிட்டது, மிஷின் எல்லாம் நின்றுவிட்டது.

மேடம் அந்தச் சான்றிதழைத் தனியாக எடுத்து வைத்தாள். இதை நான் மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்றாள். எழுதுங்கள் என்றேன். ஒன்பது நாள் எங்களுக்கு நரகம். பிறகு கடிதம் வந்தது. எஸ்.சி. பிரிவிலிருந்து நம் பெயரை அடித்துவிட்டார்கள். பெண் நடத்துகிற சின்ன யூனிட் என்று மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குப் பார்க்கிறார்களாம், முதலில் இரண்டாயிரம் ஜோடி. ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சான்றிதழை நானே தாசில்தார் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததற்குக் காகிதம் வாங்கி அனுப்ப வேண்டும். ஏகாம்பரம் என் போனை எடுப்பதில்லை. மார்ச் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை போகப்போகிறேன். கேஸ் போடுவார்களோ, உட்காரவைத்து விசாரிப்பார்களோ, தெரியாது. நைனா கூட வருகிறேன் என்றார். நேற்றுக் காலண்டரை எடுத்து அவரே மாட்டினார்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நம் ரத்னம்மா, எனக்கு வலப்பக்க மிஷின், சர்ச்சிலும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். மேடம் வந்துபோனதிலிருந்து என்னோடு பேச்சில்லை. நேற்று எல்லாரும் போனபிறகு வந்து நின்றாள். அவள் மகனுக்குப் போன வருஷம்தான் எஸ்.சி. இடத்தில் சர்க்கார் வேலை கிடைத்தது, உனக்குத் தெரியும். "அக்கா, ஒன்ன மாரி வேற யார் யாரு இருக்காங்கன்னு கேப்பாங்களா?" என்றாள். நான் மனசு சுத்தமாக வேண்டும் என்று சொன்ன ஒரு வார்த்தை இன்னொருத்தி வீட்டு அடுப்பை அணைத்துவிடுமோ என்று அப்போதுதான் உறைத்தது. கேட்டால் என் பெயரை மட்டும்தான் சொல்லுவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போய்விட்டாள். உண்மை பேசுகிறவள் அங்கே வாயை மூடிக்கொள்வது சரியா என்று பாஸ்டரைக் கேட்கலாம், கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் என்ன சொன்னாலும் நான் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

உன்னைக் கர்த்தர் தம் சிறகின்கீழ் காப்பாராக, போக்கிலும் வரத்திலும் கூட இருப்பாராக. அந்தத் திங்கட்கிழமை நம் ஊரில் பத்து மணிக்கு எனக்காக ஒரு நிமிஷம் முழங்காலில் நில். மறக்காதே, அன்று எனக்குப் போன் செய்யாதே, நைனாவுக்குச் செய். உன் அறையில் நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்லாதே. அவர்கள் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உனக்காக ஜெபிக்கும் அம்மா,
வே. ஞானம்மாள்