இரண்டு நிமிடம், இருபத்துநான்கு லிட்டர்

ஹீத்தாவாரா
மார்ச் 9, திங்கள்

அன்புள்ள ஓஸ்மோ,

உன் கப்பல் இப்போது எந்தப் பனிப்பாளத்தை உடைத்துக்கொண்டிருக்கிறதோ. கெமி துறைமுகத்தில் இறங்கும்போது இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய், நானும் கூடச் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும்.

நான் நலம். கூரைப் பனியை இரண்டு தடவை தள்ளியாயிற்று. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு முன்னைவிட அதிகம். அம்மா தந்த வெள்ளை விரிப்புகளில் சலவைக்குச் சலவை துருநிறம் ஏறிவிட்டது. இனியும் பொறுக்கக் கூடாது என்று வடிகட்டிக் கடைக்குப் பேசினேன். மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள். பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து அளந்தேன். இருபது வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு முப்பது. பெரிய வடிகட்டியே வைக்கலாம் என்றார்கள், அனுப்பச் சொல்லிவிட்டேன். நானாகவே ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை!

சனிக்கிழமை ஹெல்யா வந்தாள். வடிகட்டி வாங்குகிறேன் என்று நான் தொலைபேசியில் சொன்னதும், போய் அளவைச் சரிபார் என்று நீ கூப்பிட்டுச் சொன்னாயாம். என்னிடம் அல்ல, அவளிடம்.

ஊரில் குழாய் வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை, தெரியும். ஆனால் ஆறு வருடம் இந்த வீட்டில் உன்னோடு குடித்தனம் நடத்தியவள் உள்ளே வருவதும் மற்றவர்கள் வருவதும் ஒன்றா? மோட்டார் அறை விளக்கின் பொத்தான் கதவுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கிறதே, அவள் கை பார்க்காமலே அங்கே போயிற்று. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நான் முப்பது என்று சொன்னதும் அவள் சிரித்தாள். "அடியே சைமி, நீ அளந்தது தொட்டியில ஏற்கெனவே அடைச்சு வச்ச தண்ணிய. மோட்டார் அப்ப தூங்கிக்கிட்டிருந்துச்சு" என்றாள்.

பிறகு செய்து காட்டினாள். அழுத்தத் தொட்டி நிறைந்து மோட்டார் தானாக நிற்கும்வரை காத்திருந்தோம். குழாயைத் திறந்து, மோட்டார் மறுபடி உறுமும்வரை வாளி வாளியாகப் பிடித்தோம். இருபத்துநான்கு லிட்டர். உறுமல் கேட்ட நொடியில் குழாயை மூடி, அது நிற்கும்வரை கடிகாரத்தைப் பார்த்தோம். சரியாக இரண்டு நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்குப் பன்னிரண்டுதான். பெரிய வடிகட்டி தன் மணலைத் தானே கழுவிக்கொள்ள அதைப்போல் இரண்டு மடங்கு வேகம் வேண்டுமாம். இல்லாவிட்டால் இரும்பு உள்ளேயே இறுகிவிடும்.

வந்தவளுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? கொடுத்தேன். இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அதே துரு ருசி. மாறவே இல்ல" என்றாள், ஏதோ பழைய தோழியைப் பார்த்தவள்போல. இந்த வீட்டின் கெட்ட தண்ணீர்கூட அவளுக்குச் சொந்தம் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு அற்பமாக நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் நினைத்தேன்.

கடைக்குப் பேசிப் பெரியதை நிறுத்தச் சொன்னேன். அசட்டுத்தனமாகப் போயிற்றே என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும்: "விடு. ஓஸ்மோவும் இதே வாளி, இதே கணக்குதான். பெருசா வாங்கிப் போட்டான், ஒரே வருஷத்துல கல்லாப்போச்சு. கொட்டகைக்குப் பின்னால உட்கார்ந்து அழுதான். உங்கிட்ட சொல்லலியா?"

நீ சொன்னது, உறைபனியில் பழைய வடிகட்டி வெடித்துவிட்டது என்று.

அவள் போன பிறகு கோப்பைகளைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும், ஓஸ்மோ. அதை நானும் கற்றுக்கொண்டேன். நீ அழுத இடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உறைபனிக் கதைதான் கிடைத்தது. உன் நல்ல முகத்தை மட்டும் எனக்குக் கொடுத்து, மிச்சத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறாய். நான் தப்பாக அளப்பேன் என்று உனக்குத் தெரியும். அதை என்னிடம் சொல்ல உன் தப்பையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால்தானே அவளைக் கூப்பிட்டாய்?

சிறிய வடிகட்டி வெள்ளிக்கிழமை வருகிறது. ஹெல்யாதான் பொருத்துவாள், வேறு யாரையும் கூப்பிட மாட்டேன், அவ்வளவு கெட்டவள் அல்ல நான்.

கடலில் காற்று கடுமையாம், காதை மூடிக்கொள். பத்திரமாக வந்து சேர். வரும்போது எனக்கு வேறெதுவும் வேண்டாம். நீ தோற்றுப்போன ஒன்றை, இதுவரை யாரிடமும் சொல்லாததை, முதலில் என்னிடம் சொல். நான் சிரிக்க மாட்டேன்.

உன்,
சைமி