மேனுகா பூட்டிய கம்பியூட்டர்

உருத்திரபுரம்
09.02.2025

அன்புள்ள மருமகள் பிரேமிளாவுக்கு,

நானும் உன் மகள் மேனுகாவும் பிள்ளையார் காவலில் சுகம். நீயும் உன் அம்மாவும் அண்ணன் வீட்டாரும் புளியங்குளத்தில் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று நீ போனில் கத்தியது அறுவடைக்கு நின்ற ஆட்களுக்கெல்லாம் கேட்டதாம். எனக்குத்தான் கேட்கவில்லை. ஆகையால் இனிமேல் கடிதமே எழுது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், முன்பள்ளி ரீச்சர் உன்னுடைய கையெழுத்தைவிட என்னுடையது திறம்.

மேனுகாவுக்கு ஒரு கிழமையாய்ச் சாப்பாட்டில் கவனமில்லை. அறிவியல்நகர் வளாகத்தில் இஞ்சினியர் படிப்புக்குப் பாலம், கட்டடம் எல்லாம் கம்பியூட்டரில்தான் படமாய்க் கீற வேண்டுமாம். கையில் இருக்கிற பழைய லப்டொப் கீறத் தொடங்கிய உடனே இழுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. "பூட்டினதாய் ஒண்டை வாங்கன் பிள்ளை" என்றேன். "இல்லை அப்பம்மா, சாமான் சாமானாய்த் தெரிஞ்செடுத்து நானே பூட்டப்போறன்" என்கிறாள். கொப்பியில் பட்டியல் எழுதுவதும் வெட்டுவதுமாய் இருக்கிறாள்.

விளங்காமல் விடுகிற ஆளா நான்? இருத்திவைத்துக் கேட்டேன். புரொசெசர்தான் மூளையாம். மதர்போர்ட் என்கிற பலகையில்தான் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டுவதாம். எல்லாப் பலகைக்கும் எல்லா மூளையும் பொருந்தாதாம்.

"அப்ப சம்பந்தம் பேசுற மாதிரி எண்டு சொல்லு."

"ஓம் அப்பம்மா. ஆனா சாதகம் பாக்கிறேல்லை, இலக்கம்தான் பாக்கிறது."

எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற பெட்டியைத் தெரிவுசெய்வதில் மட்டும் எங்களுக்குள் சண்டை. அவளுக்குப் பக்கமெல்லாம் கண்ணாடி வைத்த பெட்டி வேண்டுமாம். குடல் தெரிய ஒரு சாமான் என்னுடைய வீட்டில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். புகை அடித்தாலும் அழுக்குத் தெரியாத கறுத்த இரும்புப் பெட்டிக்குக் கடைசியில் சம்மதித்தாள்.

என் மகன் பரமேஸ்வரன் இல்லாத இந்தப் பதினாறு வருடத்தில் அவனுடைய பிள்ளை இப்படி நிமிர்ந்து நிற்கிறதைப் பார்க்க எனக்குப் பெருமை. உன் அண்ணன் ஜனகன் வவுனியாவில் இந்தச் சாமான் கடைதானே வைத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிற பட்டியலை ஒருக்கால் பார்க்கச் சொல்லு.

இப்படிக்கு,
அன்பு மாமி,
கமலேஸ்வரி

———

புளியங்குளம்
16.02.2025

என் அன்பும் மதிப்பும் உள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை முன்பள்ளியிலேயே நின்று வாசித்துச் சிரித்தேன். குடல் தெரிகிற பெட்டியைப் பற்றிச் சொல்ல அண்ணாவும் சிரித்தார். "மாமி சொன்னது சரி. அந்தக் கண்ணாடி உடைஞ்சால் அள்ளேலாது" என்றார்.

மேனுகாவின் பட்டியலில் அவர் இரண்டே இரண்டு திருத்தம் செய்தார். மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை நல்லதாய் வேண்டுமாம். உங்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்குவதால், தரமில்லாதது எரிந்தால் மற்றதையும் சேர்த்து எரித்துவிடும். படம் காட்டுகிற கார்ட்டைத் தனியாக இப்போது வாங்க வேண்டாமாம். அந்த வேலையையும் தானே செய்கிற புரொசெசர் இருக்கிறது, முதல் இரண்டு வருடத்துக்கு அது போதும், பிறகு பார்க்கலாம் என்றார்.

புரொசெசர் மட்டும் தன்னுடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டார். "மருமகள் முதல்முதல் பூட்டுறாள். மூளை தாய்மாமன் நான்தான் குடுப்பன்." கடையை ஒரு நாள் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்ப் பார்த்து எடுத்து வந்திருக்கிறார். பஸ் ஓடுகிற யோகநாதன் செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் கிளிநொச்சியில் தருவார்.

ஒரு எச்சரிக்கை, மாமி. புரொசெசரின் அடிப்பக்கம் பொன் நிறத்தில் புள்ளி புள்ளியாய் இருக்கும். அதில் கை படக் கூடாதாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. பிரஷர் குளிசையை மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மருமகள்,
பிரேமிளா

———

உருத்திரபுரம்
02.03.2025

பிரேமிளாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மேனுகா மூன்று நாள் இருந்து பூட்டினாள். ஒவ்வொரு ஆணியாய், ஒவ்வொரு வயராய், புத்தகம் பார்த்துப் பார்த்துப் பூட்டினாள். சுவிச்சைப் போட்டதும் காத்தாடி சுற்றியது, லைற் எரிந்தது, ஆனால் திரை கறுப்பு. கழற்றிப் பூட்டினாள், பிறகும் கறுப்பு. "எனக்குக் கைராசி இல்லை அப்பம்மா, நான் இஞ்சினியருக்குப் படிக்கிறதே பிழை" என்று சொல்லி அழுகிறாள். பலகையையும் ராம் என்கிற சின்னத் தகட்டையும் கிளிநொச்சியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். வேறு மூளை போட்டுப் பார்க்க அங்கே வேலை செய்கிறதாம். புரொசெசர்தான் பிழை, பாவித்ததாய் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

என்னில் ஒரு குறையும் இல்லை. சாமான் வந்த அன்றே சாமியறையில் வைத்து, விளக்கேற்றி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் அவளுடைய கையில் கொடுத்தேன்.

தாய்மாமன் கொடுத்த சீர் இதுதானா? எங்கள் பக்கத்தில் சொந்தத்துக்குப் பழசைத் தள்ளிவிடுகிற வழக்கம் இல்லை. உங்கள் ஆட்களின் வழக்கம் எனக்குத் தெரியாது.

கமலேஸ்வரி

———

புளியங்குளம்
09.03.2025

மாமிக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணாவுக்குக் காட்டாமல் இருந்திருக்கலாம். மேசையில் கிடந்ததை அவரே எடுத்து வாசித்துவிட்டார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மாமி சந்தனத்தை எதில வைச்சவா எண்டு கேள்." பிறகு கடைக்குப் போய்விட்டார்.

அதை நான் மேனுகாவிடம் கேட்கவில்லை. நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும்.

மற்றது, உங்கள் ஆட்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தாத்தா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்தான், அதில் எங்களுக்கு வெட்கமில்லை. ஆனால் கலியாணம் முடிந்து இருபத்திரண்டு வருடம், மாமி. யுத்தம் முடிய முகாமில் உங்களைத் தாங்கிக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்ற நாளிலும், இங்கே வேலை கிடைத்து வந்த பிறகும், நான் உங்களுடைய ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேனுகாவை வளாக விடுதிக்கு மாற்றலாம் என்று யோசிக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டு அவள் வளரத் தேவையில்லை. மாத முடிவுக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

பிரேமிளா

———

உருத்திரபுரம்
16.03.2025

என் பிள்ளை பிரேமிளாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. நான் பொட்டு வைத்தது அந்தப் பொன் பக்கத்தில்தான். மற்றெல்லாம் தகரமும் பிளாஸ்ரிக்கும். அது ஒன்றுதான் லட்சுமி மாதிரி மின்னியது. கை படக் கூடாது என்று நீ எழுதியதை நான் மறக்கவில்லை. தலை முழுகிவிட்டு வந்து, துளசிக் காம்பால் தொட்டுத்தான் வைத்தேன். பூசை முடிய முந்தானையால் துடைத்தும்விட்டேன். போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

இரண்டு நாள் சொல்லவில்லை. மேனுகா வளாகத்துக்குப் போன நேரம் நானே கழற்றித் துடைப்போம் என்று ஆணி கழற்றுகிற சாமானோடு பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "மூளைக்குப் பொட்டு வைச்ச முதல் ஆள் நீங்கள்தான் அப்பம்மா!" மூளையை மேசையில் கவிழ்த்துவைத்து, ஸ்பிரிட் தொட்டு, மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாய்த் துடைத்தாள். பலகையில் ஒட்டியிருந்த தூளையும் எடுத்தாள். திரும்பப் பூட்டிச் சுவிச்சைப் போட, திரை நீலமாய் விரிந்தது. என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுடைய மாமாவைப் பற்றி உனக்கு எழுதியதையும் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். சந்தனத்துக்குச் சிரித்தவள் அதற்குச் சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னாள்.

"நானும் அந்த ஆக்கள்தானே அப்பம்மா."

எழுபத்துநாலு வயதில்தான் அவளை முழுதாய்ப் பார்த்தேன், பிள்ளை. அவளுடைய மூக்கு பரமேஸ்வரனுடையது. அந்தப் பொறுமை உன்னுடையது, உன் அண்ணனுடையது. நான் இத்தனை வருடமும் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

விடுதிக்கு அனுப்புவதும் விடுவதும் தாய் நீ எடுக்க வேண்டிய முடிவு. நான் தடுக்கவும் மாட்டேன், கெஞ்சவும் மாட்டேன். அவள் போனால் கம்பியூட்டரும் அவளோடு போகட்டும்.

ஜனகன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்பதைக் கடிதத்தில் முடிக்க எனக்கு விருப்பமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மேனுகாவோடு வருகிறேன். அவருடைய முகத்துக்கு நேரே சொல்வேன்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டுக்கு நான் இரண்டு தரம்தான் வந்திருக்கிறேன். கலியாணப் பேச்சுக்கு ஒருக்கால், மேனுகா பிறந்து முப்பத்தோராம் நாளுக்கு ஒருக்கால். இரண்டு தரமும் விரதம் என்று சொல்லி இளநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். உன் அம்மா இலை போட்டுவிட்டு நின்றா. அன்றைக்கு எந்த விரதமும் இல்லை. அவாவுக்கு அது தெரிந்திருக்கும்.

நீங்கள் வழக்கமாய்ச் சமைக்கிறதையே சமையுங்கோ. அவாவே எனக்குப் பரிமாறட்டும்.

அன்பு மாமி,
கமலேஸ்வரி